அக்காளைப் பார்க்கப் போன ஏரிக்கரை ஊர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். திருவிழா மலருக்கு வெளிநாடு போய்வந்ததை எழுதித் தாருங்கள் என்று கோயில் பிள்ளைகள் கேட்டபோது மாட்டேன் என்றுதான் சொன்னேன். நாலு பேர் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. பிறகு, எனக்கு எல்லாரிடமும் கேட்க வேண்டிய காரியம் ஒன்று இருப்பது நினைவு வந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் மூத்த மகள் ஜெசிந்தா ஆஸ்திரியா நாட்டில் நர்சாக இருக்கிறாள். போன வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு மூன்று வாரம் அவளிடம் போயிருந்தேன். விமானத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறியது முதல் இறங்கியது வரை கண்ணை மூடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஊரில் சொன்னேன். அது பாதிதான். என் அக்காள் சலேத் மேரி அந்த நாட்டில் கன்னியாஸ்திரி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். அங்கே போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடை விழுந்த பிறகு, மலைக்குள் ஒரு ஏரிக்கரை ஊரில், வயதான கன்னியர்கள் இருக்கும் மடத்தில் வைத்திருக்கிறார்கள். அவளிடம் நான் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்காள் மடத்துக்குப் போனதிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதுவேன். ஜெசிந்தா என் வயிற்றில் இருந்த வருடம் அம்மா இறந்துபோனாள். அன்றைக்கு அக்காள் அந்த நாட்டில் நெஞ்சுச் சளியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுக்க வேண்டிய வருடம் அது. இதைச் சொன்னால் பிள்ளை உடைந்துபோவாள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுவாள், வார்த்தைப்பாடு முடியட்டும் என்று அண்ணன் முடிவு செய்தார். "நீ எப்பவும்போல எழுது. கையெழுத்து உன் கையெழுத்துதானே" என்றார். நான் எழுதினேன். மாதம் ஒன்று. நோயினால் வார்த்தைப்பாடு தள்ளிப்போய் டிசம்பரில்தான் நடந்தது. பத்து மாதம், பத்து நீலக் கடிதம், இறந்துபோன அம்மா பேசுகிற மாதிரி. சனவரியில்தான், அம்மா போன வாரம் இறந்துபோனாள் என்று எழுதினோம்.

அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னது இது ஒன்றுதான்: "சலேத்துக்கு எழுது. எனக்காகச் செபம் பண்ணச் சொல்லு." கன்னியாஸ்திரி மகள் இருக்கிற தாய், மோட்சம் போகுமுன் ஆத்துமா காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அதிக நாள் கிடக்க மாட்டாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்தப் பத்து மாதமும் அம்மாவின் ஆத்துமாவுக்கு மகளின் செபம் கிடைக்கவில்லை. தடுத்தது நான். இடையில் அக்காள் இரண்டு முறை ஊருக்கு வந்தாள். வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அண்ணனும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். அம்மா கல்லறையில் இருந்ததும் மரச்சிலுவைதான். தேதி எதுவும் கிடையாது. அண்ணன் போன வருடம் காலமானார். இனி இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜெசிந்தாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், ரயிலில் போய்ப் படகில் ஏரியைக் கடக்க வேண்டும் என்றாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சிலால் திட்டம் போட்டாள். நர்சு வேலையில் அவளுக்கு லீவு கிடைப்பதே பெரும்பாடு.

முதல் வாரத்தில் ஒரு நாள் கிளம்பினோம். அன்றைக்கு டிராமில் எங்கள் எதிரில் இரண்டு கிழவிகள் என் காலையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். ஜெசிந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்தம்மா காலுறைக்கு மேல செருப்பு போட்டிருக்காங்க, மழை பெஞ்சா காலு என்னத்துக்கு ஆகும்னு ஒருத்தி கேக்கா. இன்னொருத்தி, பாவம், மகள் சப்பாத்து வாங்கிக் கொடுக்கல போலுக்குன்னு சொல்லுதா" என்றாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. சப்பாத்து வீட்டில் இருந்தது. அது என் காலைக் கடித்ததால் விட்டுவிட்டு வந்திருந்தேன். அன்றைக்குப் பாதி வழியில் தண்டவாளத்தில் மரம் விழுந்து ரயில் நின்றது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு ஆள்கூடக் குரல் உயர்த்தவில்லை. நம்மூர் ரயில் இப்படி நின்றிருந்தால் இதற்குள் முறுக்கு விற்கிறவர் வந்திருப்பார், கல்யாணச் சம்பந்தமே பேசி முடிந்திருக்கும். அங்கே எல்லோரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். படகு போய்விட்டதால் வீடு திரும்பினோம்.

இரண்டாவது வாரம் அக்காளுக்கு டாக்டர் வருகிற நாள், பார்க்க முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது வாரம், நான் ஊருக்குத் திரும்ப இரண்டே நாள் இருக்கும்போது, மறுபடியும் திட்டம் போட்டோம். அன்றைக்கு விடியக்காலையில் ஜெசிந்தாவுக்குப் போன் வந்தது.

"எம்மா, ரெண்டு பேரு லீவு போட்டுட்டாங்களாம். நான் போயே ஆகணும். பெரியம்மாட்ட வீடியோல பேசிக்கிடலாமா?"

"இல்ல. நான் போறேன்" என்றேன்.

"தனியாவா? நீ புதுக்கோட்டைக்குப் போகவே துணைக்கு ஆள் தேடுவியே."

அது உண்மைதான். தூத்துக்குடியில் இருந்து எங்கள் பக்கத்துச் சின்னப் புதுக்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் ஆகாது. அதற்கே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான். ஆனாலும் போகிறேன் என்றே சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நாலு சீட்டு எழுதினாள். அந்த ஊர் மொழியில் மேலே, தமிழில் கீழே. ரயிலில் காட்ட ஒன்று, படகில் காட்ட ஒன்று, மடத்தில் காட்ட ஒன்று, திரும்பி வர ஒன்று. திரும்பி வருகிற சீட்டில், கடைசிப் படகு நாலரை மணி, விட்டால் அன்றைக்கு வேறு படகு கிடையாது என்று கோடு போட்டு எழுதினாள். ரயிலில் என்னை உட்கார வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டிக்கெட் பார்க்கிறவர் வந்தபோது பதற்றத்தில் நான் திரும்பி வருகிற சீட்டைக் காட்டிவிட்டேன். அவர் படித்துவிட்டு என் தோளைத் தட்டி, எழுந்திரு எழுந்திரு என்று கையைக் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் என்னை இறக்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிடப் பார்த்தார். மற்ற மூன்று சீட்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். அவர் நாலையும் சீட்டுக் கட்டு மாதிரி விரித்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, வரிசைப்படி அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை.

அந்தப் பக்கத்து மலைகளுக்குள் உப்பு இருக்கிறதாம். வெட்டி எடுக்கிறார்களாம். ஜெசிந்தா சொன்னபோது நான் நம்பவில்லை. ஆறுமுகநேரி உப்பளத்தில் தலை வெடிக்கிற வெயிலில் வாருகிற உப்பு, இந்தக் குளிரில் மலைக்குள் எப்படி வரும்?

படகு சின்னது. ஓட்டினது ஒரு பெண். என் வயதுக்கு நான் பார்க்காத படகில்லை, ஆனால் அந்த ஏரி எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. அலையும் இல்லை, வாடையும் இல்லை. உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்பு இல்லை. சுற்றிலும் மலை, கிணற்றுக்குள் இறங்கினது போல இருந்தது. குளிரில் செல்போன் அணைந்துவிட்டது. பத்து நிமிடத்தில் அக்கரை. வீடுகள் மலைச்சரிவில் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்றன. மடம் உச்சியில். படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன், எழுபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது.

அக்காளை வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கை, கால், முகம் எல்லாம் சுருங்கிப் பாதி ஆளாக இருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னளா பிரகாசி, செம்மறியாடு மாதிரி கம்பளியைச் சுத்திக்கிட்டு வந்து நிக்க?"

இரண்டு பேரும் அழுதோம். சுக்குக் கருப்பட்டி கொண்டுபோயிருந்தேன். உடனே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். அவளைக் கவனிக்கிற வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரி, என் வயதுதான் இருக்கும், அதை மோந்து பார்த்து ஏதோ கேட்டாள்.

"மருந்தான்னு கேக்கா. ஆமான்னுட்டேன். இல்லன்னா பங்கு கேப்பா" என்றாள் அக்காள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என்னையும் உட்கார வைத்தார்கள். சூப்பில் மாவு உருண்டை ஒன்று, பந்து அளவு. உப்பு உறைப்பு எதுவும் இல்லை. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரி எழுந்து நின்று, தடியான ஒரு புத்தகத்தை விரித்துச் சில பெயர்களை வாசித்தாள். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இன்னைக்குத் தேதியில செத்தவங்க பேரு" என்று அக்காள் என் காதில் சொன்னாள். "எங்க சபைக்காரங்க, அவங்க தாய் தகப்பன் எல்லாரும். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். நம்ம அம்மா சனவரியில வருவா. செபஸ்தியம்மாள்னு இவளுக வாயில நுழையாது. வருசா வருசம் ஒவ்வொருத்தி ஒவ்வொரு மாதிரி கடிச்சுத் துப்புவா. இருந்தாலும் அத்தனை பேரும் எந்திரிச்சு நின்னு அவளுக்காகச் செபம் பண்ணுவாங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா இறந்தது சனவரியில் இல்லை. ஐம்பது வருடமாக, யார் யாரோ எழுந்து நின்று, நான் எழுதின பொய்த் தேதியில் அம்மாவுக்குச் செபம் செய்திருக்கிறார்கள்.

"ஒன் தங்கச்சி ஏன் சாப்பிடல, பல்லு இல்லையான்னு கேக்கா" என்று, கவனிக்கிற கன்னியாஸ்திரியைக் காட்டிச் சொன்னாள் அக்காள். நான் எல்லாவற்றையும் விழுங்கினேன்.

பிறகு தோட்டத்தில் வெயிலில் உட்கார்ந்தோம். கீழே ஏரி. அக்காள் ஒவ்வொருத்தராகக் கேட்டாள். யார் இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார், எந்த வீடு இடிந்தது, நான் கடற்கரையை விட்டு மில்லர்புரத்துக்கு ஏன் குடிபோனேன் என்று. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். அப்படியே பேச்சு மெலிந்து, அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். எழுப்ப மனசில்லாமல் பக்கத்தில் இருந்தேன்.

திடீரென்று வெயில் போய்விட்டது. விளக்கை அணைத்த மாதிரி. தோட்டம், மடம், ஏரியின் இந்தக் கரை எல்லாம் நிழலாகிவிட்டது. குளிர் காலில் ஏறியது. கவனிக்கிற கன்னியாஸ்திரி ஓடிவந்து, மலையைக் காட்டி, கையை விரித்து, தூங்குகிற அக்காளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், பொழுது முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். கடைசிப் படகு நினைப்பு வந்துவிட்டது. அக்காளின் கையை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நேரம் இல்லாமல் போய்விட்டது, நான் என்ன செய்ய முடியும் என்று.

துறையில் படகு கட்டிக் கிடந்தது. ஏறுவதற்கு ஆளே இல்லை. படகோட்டும் பெண் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். சீட்டைக் காட்டினேன். அவள் படித்துவிட்டு எனக்கு முன்னால் இருந்த பெரிய கடிகாரத்தைக் காட்டினாள். மணி இரண்டு பத்து.

நான் கரையில் மீன் வாங்கி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவள். கையில் கடிகாரம் கட்டினதே இல்லை. வெயில் நிற்கிற இடத்தைப் பார்த்து மீன் மடி எப்போது கரைக்கு வரும், சந்தை எப்போது கலையும் என்று சொல்லிவிடுவேன். நம்மூர் சுளகு போலத் தட்டையான ஊர். பனைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் வீட்டில் விளக்கேற்ற வேண்டியதுதான். சூரியனுக்கும் நமக்கும் நடுவில் ஒரு மலை வந்து நிற்கும், பட்டப்பகலில் அதை எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அண்ணாந்து பார்த்தேன். எதிர்க்கரை மலையுச்சியில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்படியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் எதிரிலேயே இருந்தது. முள் இரண்டேகாலில் வந்து நின்றபோது எழுந்தேன்.

இந்தத் தடவை படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். கதவு திறந்த கன்னியாஸ்திரி என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். மூன்றாம் சீட்டை மறுபடியும் காட்டினேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

அக்காள் கட்டிலில் முழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"படகு போயிட்டா?"

"இல்லக்கா. ரெண்டு மணி நேரம் கிடக்கு."

"பின்ன ஏன்ளா சொல்லாம ஓடின?"

உட்காராமல் நின்றபடியே சொன்னேன். அண்ணன் சொன்னது, நான் எழுதினது, பத்துக் கடிதம், சனவரி. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கோழி காணாம போச்சுன்னு ஒரு கடுதாசி வந்துது."

"நான்தான்."

"முட்டு வலிக்கு வேப்பெண்ணெய் போட்டுத் தேய்க்கேன்னு."

"அதும் நான்தான்க்கா."

"பத்து மாசமா அந்த முட்டுக்குச் செபம் பண்ணினேன்ளா நான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு. செத்தவளுக்கு முட்டு வலிக்குமா?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"சாகும்போது என்ன சொன்னா?"

அதையும் சொன்னேன். அக்காள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கவனிக்கிற கன்னியாஸ்திரி காப்பி கொண்டுவந்தாள். அக்காள் திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னாள், அவள் போய்விட்டாள். நான் லேஞ்சித் துணியை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

"அதை அம்மாட்ட கேளு. எனக்குத் தேதி வேணும்" என்றாள்.

"என்ன தேதி?"

"அவ செத்த தேதி. பக்கத்தை மாத்தணும்."

எனக்குத் தேதி தெரியவில்லை. தவக்காலம், வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. இது மட்டும் நன்றாகத் தெரியும். வருடா வருடம் தவக்காலத்து முதல் வெள்ளியில் அம்மாவுக்குப் பூசை கொடுக்கிறேன். ஆனால் அது அண்ணன் சௌகரியத்துக்கு வைத்தது.

"பெரிய வெள்ளியை விட்டா ஆறு வெள்ளி இருக்குளா. எந்த வெள்ளி?"

"மாசமா இருந்தேன்க்கா. தலைசுத்தல். படுத்தே கிடந்தேன். நினைவில்ல."

"கடல் தாண்டி வந்திருக்க. தேதி இல்லாமலா வந்த?"

அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கப் போனேன், என் கையைத் தள்ளிவிட்டாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு மணி அடித்தபோது அவளேதான் சொன்னாள்: "நிசமாவே நேரமாச்சு. போ."

திரும்பி வந்த ரயிலில் சீட்டைச் சரியாகக் காட்டினேன்.

ஊருக்கு வந்ததும் கோயில் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கணக்கப்பிள்ளை இறந்தோர் பதிவேட்டைப் பொறுமையாகத் தேடிப் பார்த்தார். அம்மா பேர் இல்லை. எங்கள் கடற்கரை அந்தக் காலத்தில் கிளைப்பங்கு, பக்கத்துப் பங்கின் ஏட்டில் எழுதியிருப்பார்கள், பழைய ஏடு எங்கே இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்றார். அதற்கு மேல் போய்க் கேட்க எனக்குச் சங்கடம்.

இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த ஏரியின் பெயர், ஊரின் பெயர் ஜெசிந்தாவைக் கேட்டால் சொல்வாள். அவை விட்டுப்போனால் பரவாயில்லை. எனக்கு வேண்டியது தேதி. பேர் செபஸ்தியம்மாள். புருசன் பேர் குரூஸ், சங்கு குளித்தவர். ஜெசிந்தா பிறந்த வருடத்துத் தவக்காலம், வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நேரம். பெட்டி தூக்கினவர்களில் யாராவது இருந்தால் நினைவிருக்கலாம். சனவரிப் பக்கத்திலிருந்து அம்மா பேரை அக்காள் எடுக்கச் சொல்லிவிட்டாளாம். இப்போது அது அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை.